நகரங்களின் மருத்துவர்

ஸ்காத்லாந்து நாட்டில் 1854-ஆம் ஆண்டில் பிறந்த பாட்ரிக் கெட்டிஸ் உயிர்நூல் பயின்றவர். இளமையில் மெக்சிகோவிற்குச் சென்றிருந்தபோது கண்ணொளி குன்றிச் சின்னாள் இருளறையில் கிடந்தார். நுண்ணோக்கி கொண்டு ஆராயும் பணி தடைப்படவே, அவருள்ளம் மக்கள் வாழும் ஊர்களின்பால் திரும்பியது.

1914-இல் அவர் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய கண்காட்சிப் படங்களை ஏற்றிவந்த கப்பலை எம்டன் என்னும் போர்க்கப்பல் மூழ்கடித்தது. தளராது வேறு படங்களைத் திரட்டி, 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார்.

நெருங்கிய தெருக்களை இடித்து அகன்ற சாலை அமைப்பதே சீர்திருத்தம் என அந்நாளில் பலர் எண்ணினர். வீடிழந்த ஏழைகள் எங்கே செல்வர்? முன்னினும் நெருக்கமான வேறொரு சேரிக்கே செல்வர். தஞ்சை, மதுரை முதலிய நகரங்களின் சந்துகளில் நடந்து நடந்து இவ்வுண்மையைக் கெட்டிஸ் கண்டார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, அவ்விடத்தில் மரம் நட்டுத் திறந்த வெளியாக்கினாற் போதும் என்றார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்கவேண்டா, மீன் வளர்த்தால் அமையும் என்பதும் அவர் கருத்து.

1917-இல் மகனைப் போரிலும் மனைவியை நோயாலும் இழந்தார்; ஆயினும் பணியை விட்டாரல்லர். பிளேக் நோய் வருத்திய இந்தூரில் தீபாவளி ஊர்வலம் ஒன்றை வகுத்தார். வழக்கமான வீதிகளை விடுத்து, மிகத் தூய்மையான வீதிகளின் வழியே ஊர்வலம் செல்லும் என்று அறிவிக்கச் செய்தார். ஆணைக்கு அசையாத மக்கள் அவ்வறிவிப்பைக் கேட்டதும் துடைப்பம் ஏந்தினர். குப்பை வண்டிவண்டியாக வெளியேறிற்று. அழுக்கரக்கனின் உருவமும் பேரெலியின் உருவமும் ஊர்வலமாகச் சென்று தீக்கிரையாயின.

1932-இல் பிரெஞ்சு நாட்டு மோம்பெலியே நகரில் அவர் காலமானார்.