விண்ணிற் குடியிருப்புக் கண்ட ஆசிரியர்

விண்ணைப் பாடாத புலவர் இல்லை. விண்ணிலே வாழ விரும்பியோரும் எந்நாட்டிலும் உண்டு. ஆயினும், அங்கே மூச்சுக்கும் உணவுக்கும் என்ன செய்வது என்று ஆராய்ந்தவர் மிகச் சிலர். அச்சிலருள் முன்னவர் ருஷ்ய நாட்டுக் கொன்ஸ்தந்தீன் சியொல்கோவ்ஸ்கி. றொக்கற்று விஞ்ஞானத்தின் தந்தையர் வரிசையில் வைத்து உலகம் அவரைப் போற்றுகின்றது. ஆனால், அவர் வகுத்த றொக்கற்றினும் அவர் விண்ணிலே வளர்க்க எண்ணிய தோட்டமே என் நெஞ்சைப் பெரிதுங் கவர்ந்தது.

1857ஆம் ஆண்டு றியாஸான் பகுதியிலுள்ள இஷெவ்ஸ்கொயே என்னும் கிராமத்தில் அவர் பிறந்தார். பத்து வயதளவிற் கண்ட செங்காய்ச்சல் செவிப்புலனைப் பெரிதுங் கெடுத்தது. பதின்மூன்றாம் வயதில் தாயையும் இழந்தார். ஆசிரியர் சொல்வது கேளாத சிறுவனுக்கு நூல்களே ஆசிரியராயின. பதினாறாம் வயதில் மொஸ்கோ சென்று, மூன்றாண்டுகள் பொதுநூலகத்தில் இருந்து கணிதமும் பௌதிகமும் தாமே கற்றார். தந்தை அனுப்பிய சிறுபணம் நூல்களுக்கும் பரிசோதனைப் பொருள்களுக்குஞ் செலவாக, கறுப்பு ரொட்டியும் நீருமே உணவாயின.

ஆசிரியத் தேர்விலே தேறி, 1880 முதல் பொரோவ்ஸ்க் என்னும் சிற்றூரிலும், 1892 முதல் கலூகா நகரிலும் கற்பித்தார். தகரத்தால் தாமே செய்த பெரிய செவிக்குழலைக் காதில் வைத்துப் பிறர் பேசுவதைக் கேட்பார். பகலிற் பிள்ளைகளுக்குக் கணிதம். இரவிலே தமக்கு வானம். திரவ ஐதரசனும் திரவ ஒட்சிசனும் எரிந்து தள்ளும் விசையால் விண்வெளி செல்லலாம் என்பதைக் கணித முறையில் நிறுவிய அவரது கட்டுரை 1903இல் வெளிவந்தது. அதனை அன்று உணர்ந்தோர் மிகச் சிலர். அதற்கு முந்திய ஆண்டிலேதான் மகன் ஒருவன் தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டான். 1908இல் ஓகா நதி பெருகி, வீட்டினுட் புகுந்து, கையெழுத்துப்படிகள் பலவற்றை அழித்தது. அவரோ மீண்டும் எழுதினார். கற்பித்தலையும் விடவில்லை.

பழந்தமிழிற் செலவு என்றாற் பயணம். செலவு வேறு, குடியிருப்பு வேறு என்பதைச் சியொல்கோவ்ஸ்கி நன்குணர்ந்திருந்தார். 1896இல் தொடங்கி 1920இல் முழுநூலாக வெளியிட்ட பூமிக்கு அப்பால் என்னும் கதையில் அவ்வுணர்வைக் காணலாம். 2017ஆம் ஆண்டில் நிகழ்வதாகப் புனைந்த அக்கதையில், இமயமலையில் வாழும் பன்னாட்டு அறிஞர் றொக்கற்று அமைத்துப் பூமியைச் சுற்றி வருகின்றனர். அங்கே கண்ணாடிக் கூரையின்கீழ்ப் பயிர் வளர்க்கின்றனர். மனிதர் விடும் காபனீரொட்சைட்டைச் செடி கொள்ளும், செடி விடும் ஒட்சிசனை மனிதர் கொள்வர், கழிவு உரமாகும், ஞாயிறு ஓயாது ஒளி தரும். நிறையின்மையை நீக்குவதற்குக் குடியிருப்பையே சுழலச் செய்யலாம் என்பதும் அவர் கண்ட வழி. நீர் நிறைந்த செம்பைக் கயிற்றிற் கட்டிச் சுழற்றினால் நீர் சிந்தாதன்றோ? அவ்வாறே சுழலும் சுவரிற் கால் ஊன்றி மனிதரும் நிற்பர்.

1935இல் அவர் கலூகாவிலே காலமானார். இருபத்திரண்டு ஆண்டுகளின்பின் முதலாவது ஸ்பூட்னிக் விண்ணேறியது. இலங்கையை வாழிடமாகக் கொண்ட ஆதர் சி. கிளார்க் 1973இல் வெளியிட்ட ராமா பற்றிய நாவலில், 50 கிலோமீற்றர் நீளமான உருளையுலகம் சுழல்கின்றது. அமெரிக்கப் பேராசிரியர் ஜெரார்ட் ஓநீல் 1974இல் அத்தகைய உருளைகளை அமைக்கும் வழியையே ஆராய்ந்து எழுதினார். அவற்றுட் பெரியது 32 கிலோமீற்றர் நீளமும் 6 கிலோமீற்றருக்கு மேற்பட்ட விட்டமும் உடையது. ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சுழன்றால், உள்ளிருப்போர்க்குப் பூமியில் உள்ளது போன்ற நிறை உண்டாகும்.

இவை இன்னும் எழுத்திலேதான் நிற்கின்றன. 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் மனிதர் இடைவிடாது வாழ்கின்றனர். எனினும் அது நிறை தருமாறு சுழல்வதன்று. உணவும் பூமியிலிருந்தே போகின்றது. அங்கு விளைந்த சில கீரையிலைகளை 2015இல் அவர்கள் உண்டது பெருஞ்செய்தியாயிற்று. அச்செய்தி வந்தபோது, கறுப்பு ரொட்டியுண்டு கற்ற அந்த இளைஞனையே நான் நினைத்தேன். பசியறிந்தவர் ஆதலினாலன்றோ, விண்ணுக்கு வழி கண்டதோடு அமையாது, அங்கு வாழ்வோர்க்கு உணவும் தேடினார்! நம் மாணவர்க்கு அவரைப் பற்றிக் கூறும்போது, றொக்கற்றை மட்டும் காட்டி நிறுத்திவிடாது, அத்தோட்டத்தையும் காட்டுவோமாக.