மூக்கன் துரை கட்டிய அணையும் மதகு திறக்கும் உரிமையும்

பேச்சிப்பாறை அணையைப் பார்க்கப் போனவங்க நம்மில் நிறைய பேர் இருப்போம். ஆனா அணைக்குப் பக்கத்தில் இருக்கிற கல்லறையைக் கவனிச்சிருக்கீங்களா? அது இந்த அணையைக் கட்டிய பொறியாளர் ஹம்ப்ரி அலெக்சாண்டர் மிஞ்சினுடையது. ஊர்க்காரங்க அவருக்கு வெச்ச பெயர் மூக்கன் துரை. மூக்கு அவ்வளவு நீளமாம்!

மிஞ்சின் பிறந்தது 1868-ல். அவர் இங்கே வேலை பார்த்த காலத்தில் கன்னியாகுமரி மாவட்டம்னு ஒண்ணு கிடையாது. நாஞ்சில் நாடு திருவிதாங்கூருக்குள் இருந்தது. மன்னர் மூலம் திருநாள். நெல் விளையற பூமிதான், ஆனா மழை பொய்த்தால் வயல் காயும். மழைக்காலத்திலோ கோதையாறு பெருக்கெடுத்துக் கடலில் போய்ச் சேரும். அந்தத் தண்ணீரைத் தேக்கி வைக்கும் வேலை மிஞ்சினிடம் வந்தது.

கல்லாறு, சிற்றாறு, குற்றியாறு மூன்றும் சேர்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே இடம் தேர்வானது. 1897-ல் வேலை தொடங்கியது, 1906-ல் முடிந்தது. செலவு சுமார் 26 லட்சம் ரூபாய். சுற்றிலும் அடர்ந்த காடு. அங்கே ஒன்பது வருஷம் ஒரே வேலையில் நிற்கிறது சாதாரண விஷயமா, நீங்களே சொல்லுங்க. அணை முடிஞ்சு ஏழு வருஷத்தில், 1913-ல், ஐம்பது வயதைத் தொடாமலே மிஞ்சின் இறந்துபோனார். தான் கட்டிய அணையின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மிஞ்சின் போய்விட்டார், மதகு இருக்கிறது. அவர் முகத்தையே பார்க்காத தலைமுறைகள் நூறு வருஷத்துக்கு மேல் அதை இயக்கி வருகின்றன. கன்னிப்பூ சாகுபடிக்குத் தண்ணீர் எப்போ திறக்கணும்னு அரசு உத்தரவு போடும். பொறியாளர்கள் அளவைப் பார்ப்பாங்க. ஊழியர் ஷட்டரைத் தூக்குவார். கடைமடை விவசாயி தண்ணீர் கேட்கலாம், மதகில் கை வைக்க முடியாது. திறக்காமல் விட்டால் பயிர் கருகும். சொல்லாமல் திறந்துவிட்டால் திற்பரப்பில் குளிக்கிறவங்க உயிருக்கே ஆபத்து. பார்க்க ஒருவர், இயக்க ஒருவர், முடிவெடுக்க ஒருவர்னு பிரிச்சு வெச்சதுக்குக் காரணம் இதுதான்.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். அணையின் நீர்மட்டம் அளக்கிற பழைய கருவியில் ஒரு சீரியல் போர்ட்தான் இருக்கும். அதை நெட்வொர்க்கில் கொண்டுவர ஒரு டிவைஸ் சர்வர் மாட்டுவோம். உடனே அதுக்கு ஐபி முகவரி கிடைச்சிடும். ஆனா அந்தக் கருவிக்கு யூசர், பாஸ்வேர்ட் எதுவும் தெரியாது. யார் கட்டளை அனுப்பினாலும் கேட்கும். அதனால டிவைஸ் சர்வரில் நீங்க உருவாக்கும் அக்கவுண்ட்தான் மதகுக்குப் பூட்டு.

2013-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பௌமன் அவென்யூ என்ற சின்ன அணையின் கட்டுப்பாட்டு சிஸ்டத்துக்குள் வெளிநாட்டிலிருந்து ஒருவர் நுழைந்தார். பராமரிப்புக்காக மதகின் இணைப்பைக் கழற்றி வெச்சிருந்ததால் அவரால் அதை இயக்க முடியவில்லை. அங்கே காப்பாற்றியது அதிர்ஷ்டம், பாஸ்வேர்ட் இல்லை.

அதனால உங்க புராஜெக்ட்டில் டிவைஸ் சர்வரை மாட்டினதும் முதல் வேலையாக, கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாத்துங்க. எல்லாரும் ஒரே அட்மின் அக்கவுண்டில் நுழையாதீங்க; ஆளுக்கு ஒன்று கொடுங்க. நீர்மட்டம் பார்க்கிறவருக்குப் பார்க்கும் உரிமை மட்டும். ஷட்டர் இயக்குறவருக்கு அந்த ஒரு போர்ட் மட்டும். செட்டிங் மாத்துற உரிமை ஓரிருவரிடம் போதும். டெல்நெட்டை அணைச்சு எஸ்எஸ்எச் வையுங்க. யார், எப்போ, என்ன செஞ்சாங்கன்னு லாக் பதிவாகட்டும். வேலை மாறிப் போனவரின் அக்கவுண்டை அன்றைக்கே நீக்குங்க.

மிஞ்சின் காலத்தில் மதகைத் திறக்க ஒருவர் காடு தாண்டி அணைக்கே வரணும். அந்தத் தூரமே பாதிப் பாதுகாப்பு. நாம கேபிளைச் செருகும்போது அந்தத் தூரம் இல்லாமல் போகிறது. போன பாதுகாப்பைத் திரும்பக் கொடுப்பதும் பொறியாளர் வேலைதான்.