மேரி கியூரி: அன்று அளக்க முடியாத சேதம்

நான் பெரிதும் போற்றும் விஞ்ஞானி மேரி கியூரி. 1867இல் போலந்தின் வார்சோ நகரில் பிறந்தார். அங்கு பல்கலைக்கழகம் பெண்களை அனுமதிக்காததால், 1891இல் பரிஸ் சென்று கற்றார். 1898இல் கணவர் பியர் கியூரியுடன் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டறிந்தார். ஒழுகும் கொட்டிலொன்றில் தொன் கணக்கான யுரேனியத் தாதுக் கழிவைக் காய்ச்சி, 1902இல் 0.1 கிராம் ரேடியம் குளோரைட்டைப் பிரித்தெடுத்தார். 1903இலும் 1911இலும் நோபல் பரிசு பெற்றார். முதலாம் உலகப் போரில் எக்ஸ் கதிர் வண்டிகளுடன் போர்முனைக்கும் சென்றார்.

ரேடியத்தைக் கையாண்டதால் அவரது விரல் நுனிகள் தடித்து வலித்தன. உள்ளே நேர்ந்த சேதத்தை அளக்கவோ அன்று வழியில்லை. கதிர்வீச்சு கலத்திலுள்ள நீரைப் பிளந்து சுயாதீன மூலிகங்களை உண்டாக்கும். அவை டீ.என்.ஏ.யிலுள்ள குவானினைத் தாக்கும்போது அதனுடன் ஓர் ஒட்சிசன் அணு சேர்ந்துவிடும். குவானினின் மூலக்கூற்றுத் திணிவு 151. தாக்குண்ட பின் 167. இந்த 16 அலகு வித்தியாசத்தைக் கொண்டு, சேதத்தின் தடயத்தைச் சிறுநீரில்கூட இன்றைய திணிவு நிறமாலைமானி கண்டறிகிறது.

1934இல் என்பு மச்சை பழுதடைந்த குருதிச்சோகையால் மேரி மறைந்தார். ஆய்வுகூடத்தில் கையுறை அணியும்போதெல்லாம் அவரை நினைக்கிறேன். சகோதரிகளே, அவரைப்போல் அயராது தேடுவோம். அவருக்குக் கிடைக்காத பாதுகாப்பையும் பேணுவோம்.