நீர் மறுக்கப்பட்ட வீரர் – டாக்டர் சாமி லீ

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் பஸதீனா என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள புரூக்சைடு பூங்காவின் நீச்சல் குளம் முன்னாளில் வெள்ளையருக்கே உரியதாக இருந்தது. மற்ற நிறத்தாருக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டுமே அனுமதி. அந்த நாள் கழிந்ததும் குளத்து நீர் முழுவதும் வெளியேற்றப்பட்டு, வெள்ளையருக்காகப் புதுநீர் நிரப்பப்படும். 1927-இல் அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்து நீரை அருந்தியபின் அக்குளத்துக்குத் தீட்டுக் கழித்த வரலாற்றை அறிந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று.

அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்த சிறுவர்களுள் ஒருவரே சாமி லீ. கொரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1920 ஆகஸ்டு முதல் நாள் பிரெஸ்னோ நகரில் பிறந்தவர். 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது அவருக்கு வயது 12. தாமும் ஒருநாள் ஒலிம்பிக் வீரராக வேண்டும் என்னும் ஆசை அப்போதே அவருள் வேரூன்றியது. தந்தையாரின் விருப்பமோ மகன் மருத்துவராக வேண்டும் என்பது. இரண்டில் ஒன்றைக் கைவிட அவர் எண்ணவில்லை.

வாரத்தில் ஒரு நாள் பயின்று யார் வீரராக முடியும்? ஜிம் ரையான் என்னும் பயிற்சியாளர் இதற்கொரு வழி கண்டார். தம் வீட்டுப் பின்புறத்தில் பெரிய குழி தோண்டி மணல் நிரப்பி, அதன்மேல் துள்ளுபலகை ஒன்றை அமைத்தார். பலகையிலிருந்து எழும்பி, காற்றில் கரணமிட்டு, மணலில் வந்து விழுவதே லீயின் பயிற்சி. நீர் தாங்கும், மணல் அவ்வாறு தாங்காது. ஆனால் மணலில் மீண்டும் மீண்டும் குதித்ததால் கால்கள் உரம் பெற்றன. குள்ளமான உருவமுடைய அவர் பிறரினும் உயர எழும்பக் கற்றார்.

1942-இல் அமெரிக்க தேசியப் பட்டத்தை வென்றார். வெள்ளையரல்லாத ஒருவர் நீரில் பாயும் போட்டியில் அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. போரின் காரணமாக 1940, 1944 ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெறவில்லை. அக்காலத்தை அவர் வீணாக்கவில்லை. ஆக்சிடென்டல் கல்லூரியில் பட்டம் பெற்று, 1947-இல் மருத்துவரும் ஆனார். நம் மாணவர்கள் இதனைக் கருத்தில் கொள்ளுதல் நன்று. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் மேடையிலிருந்து மூன்றரைக் கரணமிட்டுப் பாய்ந்து பொற்பதக்கமும், துள்ளுபலகைப் போட்டியில் வெண்கலமும் வென்றார். 1952-இல் ஹெல்சிங்கியில், தம் 32-ஆம் பிறந்த நாளன்று, இராணுவ மேஜராக மீண்டும் மேடைப் பாய்ச்சலில் பொற்பதக்கம் பெற்றார்.

பின்னர் இராணுவ மருத்துவராகக் கொரியாவில் பணியாற்றினார். 1955-இல் திரும்பிவந்து கார்டன் குரோவ் என்னும் ஊரில் வீடு வாங்க முயன்றபோது, இனத்தைக் காட்டி விற்க மறுத்தனர். நாட்டுக்கு இரு பொற்பதக்கம் ஈட்டியவர், நாட்டின் சீருடை அணிந்தவர். ஆயினும் அவருக்கு வீடில்லை! செய்தி பரவி நாடெங்கும் பேச்சான பின்னரே வீடு கிட்டியது.

காது, மூக்கு, தொண்டை மருத்துவராகத் தொழில் புரிந்துகொண்டே அவர் பயிற்சியாளருமானார். அவரிடம் பயின்ற பாப் வெப்ஸ்டர், 1960-லும் 1964-லும் மேடைப் பாய்ச்சலில் பொற்பதக்கம் வென்று ஆசிரியரின் இரட்டை வெற்றியை எட்டினார். அவருக்கு அடுத்து வந்தவர் கிரெக் லூகானிஸ். சமோவ இரத்தம் கலந்தவர். தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர். நிறத்துக்காகப் பள்ளியில் ஏளனம் செய்யப்பட்டவர். அச்சிறுவனின் திறனை லீ கண்டுகொண்டார். பின்னர்த் தம் இல்லத்திலேயே தங்கவைத்துப் பயிற்றினார். 1976 மான்ட்ரியலில், 16 வயதில், லூகானிஸ் வெள்ளிப்பதக்கம் பெற்றார். 1984, 1988 ஆண்டுகளில் வேறொரு பயிற்சியாளரின்கீழ் அவர் வென்ற பொற்பதக்கங்கள் நான்கு. அவற்றுக்கு அடித்தளமிட்டவர் மணற்குழியில் குதித்துப் பழகிய லீயே.

2013-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2016 டிசம்பர் 2-ஆம் நாள், தம் 96-ஆம் வயதில், அவர் இயற்கை எய்தினார்.