கடைப் பையன் பாரடே

பரிசளிப்பு விழா என்றால் மேடை ஏறும் பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். கீழே உட்கார்ந்து கை தட்டும் பிள்ளைகளே அதிகம். மேடை ஏறியவர்களுக்குப் பாராட்டுக் கிடைத்துவிட்டது; அவர்கள் மேலும் மேலும் உயர வாழ்த்துகிறேன். இந்தக் கட்டுரையைக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கும், நம்ம பிள்ளை பேரைக் கூப்பிடவில்லையே என்று மனசுக்குள் ஏங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் பேர் எடுக்காத, சரியாகப் படிக்கவும் வழியில்லாத ஒரு பையனின் கதை இது. பெயர் மைக்கேல் பாரடே. இன்று நம் வீட்டில் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது என்றால், அதற்கு வழி திறந்துவிட்டவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் அவர்.

1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், இங்கிலாந்தில் லண்டன் நகரை ஒட்டிய நியூவிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் பாரடே பிறந்தார். அப்பா ஜேம்ஸ், பட்டறையில் இரும்பு அடிக்கும் கொல்லர். உடம்புக்கு முடியாத மனிதர். பல நாள் வேலைக்குப் போக முடியாமல் படுத்துவிடுவார். வேலை இல்லையென்றால் கூலி ஏது? வீட்டில் 4 பிள்ளைகள். 1801-இல் நாட்டில் உணவுப் பொருள் விலை ஏறிப்போனபோது, அந்தக் குடும்பம் ஏழைகளுக்குக் கொடுத்த உதவியை வாங்கித்தான் நாளைத் தள்ளியது. 9 வயதுப் பையன் மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி. அதை வைத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்க ஓட்ட வேண்டும். சம்பளம் போட்டுப் பத்தாம் நாளே ஸ்டோர்க் கடையில் கடன் சொன்ன குடும்பங்களுக்கு இந்தக் கஷ்டத்தை நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

படிப்பு என்று பார்த்தால் எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு. அவ்வளவுதான். அந்தப் படிப்பிலும் ஒரு வில்லங்கம் வந்தது. மைக்கேலுக்குச் சின்ன வயதில் நாக்கு சரியாகத் திரும்பாது. சொல்லின் முதலில் ர வந்தால் வாய்க்குள் வ ஆகிவிடும். சொந்த அண்ணன் ராபர்ட்டின் பெயரே அவன் வாயில் வாபர்ட் என்றுதான் வரும். வகுப்பு ஆசிரியைக்கு இது பொறுக்கவில்லை. பையன் வேண்டுமென்றே இப்படிப் பேசுகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, அடித்தால்தான் சரிப்படும் என்று முடிவு கட்டிவிட்டார். அண்ணன் ராபர்ட்டையே கூப்பிட்டு, கையில் அரைப் பென்னிக் காசைக் கொடுத்து, தம்பியை அடிக்கப் பிரம்பு வாங்கி வரச் சொன்னாராம். ராபர்ட் வெளியே போனான். காசைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசி எறிந்துவிட்டு, நேரே வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொல்லிவிட்டான். அம்மா மார்கரெட் வந்து இரண்டு பிள்ளைகளையும் அந்தப் பள்ளியை விட்டே கூட்டிக்கொண்டு போய்விட்டார். பாரடேயின் இளமையைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் சம்பவம் இது. நானும் ஆசிரியர் தொழில் பார்க்கிறவன்தான். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

13 வயதில், 1804-இல், பையன் வேலைக்குப் போனான். லண்டனில் பிளாண்ட்போர்டு தெருவில் ஜார்ஜ் ரீபோ என்பவர் புத்தகக் கடை வைத்திருந்தார். புத்தகம் விற்பார், பழைய புத்தகங்களைத் தைத்துத் தோல் அட்டை போட்டுக் கட்டியும் கொடுப்பார். மைக்கேலுக்கு எடுபிடி வேலை. காலையில் வீடு வீடாகப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுப்பது, படித்து முடித்ததும் திரும்ப வாங்கி அடுத்த வீட்டில் கொடுப்பது. ஒரு வருஷம் பையனின் நடத்தையைப் பார்த்த ரீபோ, 1805-இல் அவனை 7 வருஷத்துக்குத் தொழில் பழகும் பையனாகச் சேர்த்துக்கொண்டார். அந்த நாளில் தொழில் கற்றுக்கொடுக்க முதலாளிக்குத்தான் பிள்ளையின் தகப்பன் பணம் கட்ட வேண்டும். ரீபோ ஒரு காசு வாங்கவில்லை. பையனின் ஒழுங்கான வேலையே போதும் என்று விட்டுவிட்டார்.

பெற்றோர்கள் இந்த ரீபோவைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பெரிய விஞ்ஞானி அல்லர், சாதாரணக் கடைக்காரர். கட்ட வந்த புத்தகத்தைக் கட்டுவதை விட்டுவிட்டு ஒரு பையன் அதை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தால் முதலாளி என்ன செய்வார்? காதைத் திருகி வேலையைப் பார் என்பார். ரீபோ படிக்க விட்டார். என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா கட்டுவதற்கு வந்தது. அதில் மின்சாரத்தைப் பற்றிய பகுதியைப் பையன் படித்தான். ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய இரசாயன நூலையும் படித்தான். படித்ததைச் செய்து பார்க்க வேண்டும் என்று கை துடித்தது. கண்ணாடிப் புட்டி, மரத்துண்டு என்று கிடைத்ததை வைத்து ஒரு சின்ன மின்சாரக் கருவி செய்தான். கடையின் பின்பக்கத்தில் அவன் இப்படி நோண்டிக்கொண்டிருந்ததற்கும் ரீபோ தடை சொல்லவில்லை. அதே கட்டடத்தில் குடியிருந்த மாஸ்கெரியே என்ற ஓவியர், பையனின் ஆர்வத்தைப் பார்த்துப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தார். கருவிகளைப் பார்த்தபடியே தாளில் வரையும் பழக்கம் அப்படித்தான் வந்தது.

1810-இல் அப்பா இறந்துவிட்டார். அம்மா வீட்டில் ஆள்களை வாடகைக்கு வைத்துக் குடும்பத்தை நடத்தினார். அந்த நேரத்தில் டேட்டம் என்பவர் லண்டனில் தம் வீட்டில் மாலையில் விஞ்ஞான வகுப்பு நடத்திவந்தார். ஒரு நாளைக்கு 1 ஷில்லிங் கட்டணம். தம்பிக்குப் போக ஆசை, கையில் காசில்லை. அந்த ஷில்லிங்கைக் கொடுத்தவன் யார் தெரியுமா? அண்ணன் ராபர்ட்தான். அப்பாவைப் போலவே அவனும் பட்டறையில் வேர்வை சிந்திச் சம்பாதித்துக்கொண்டிருந்தான். பிரம்புக் காசைத் தூக்கி எறிந்த அதே கைதான் படிப்புக் காசைக் கொடுத்தது.

வகுப்பில் கேட்டதையெல்லாம் மைக்கேல் வீட்டுக்கு வந்து விரிவாக எழுதி, படமும் வரைந்து, தானே அழகாகக் கட்டி, அதை முதலாளி ரீபோவுக்குக் காணிக்கையாக்கினான். ரீபோ அதைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினார். நம் பிள்ளை செய்ததை நாலு பேரிடம் காட்டுவது பெருமையடிப்பது ஆகாது. ரீபோ காட்டியதால்தான் டான்ஸ் என்ற வாடிக்கையாளர் குடும்பத்தின் கண்ணில் அது பட்டது. அவர்கள் மூலமாகப் பையனுக்கு ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் விஞ்ஞானக் கழகத்தில் சர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கிடைத்தது. இது 1812-இல். டேவி அன்றைக்கு நாடே கொண்டாடிய இரசாயன மேதை. அவரும் ஏழ்மையிலிருந்து வந்தவர்தான். மருந்துக்காரர் ஒருவரிடம் தொழில் பழகியவர்.

4 சொற்பொழிவுகள் கேட்டான் மைக்கேல். மேல் மாடத்தில், கடிகாரத்துக்கு மேலே உட்கார்ந்து, ஒன்று விடாமல் குறித்துக்கொண்டான். 300 பக்கத்துக்கு மேல் எழுதிப் புத்தகமாகக் கட்டி, அந்த ஆண்டு டிசம்பரில் டேவிக்கே அனுப்பி, ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டான். இதற்கு முன்னால் ராயல் சொசைட்டித் தலைவருக்கும் எழுதிப் பார்த்திருந்தான். அங்கிருந்து பதில் இல்லை. டேவி கூப்பிட்டுப் பேசினார். ஆனால் வேலை காலியில்லை, புத்தகம் கட்டும் தொழிலையே பார் என்று புத்தி சொல்லி அனுப்பிவிட்டார். சில வாரத்தில் அங்கிருந்த ஆய்வுக்கூட ஆள் ஒருவன் சண்டை போட்டு வேலையை இழந்தான். ஒரு நாள் இரவு, மைக்கேல் படுக்கப் போகும் நேரத்தில், டேவியின் குதிரை வண்டி வாசலில் வந்து நின்றது. 1813-ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் தேதி வேலையில் சேர்ந்தான். வாரத்துக்கு 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை, கரியும் மெழுகுவர்த்தியும் இலவசம்.

அதற்குப் பிறகு எல்லாம் நேராகப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். டேவி தம் மனைவியோடு ஐரோப்பா சுற்றப் போனபோது பாரடேயையும் கூட்டிப் போனார். அந்த அம்மாள் அவரை வேலைக்காரனாகத்தான் நடத்தினார். பாரடே பல்லைக் கடித்துக்கொண்டு, பயணம் முழுதும் கற்றுக்கொண்டே இருந்தார். பத்து வருஷம் கழித்து இன்னொன்றும் நடந்தது. பாரடேயை ராயல் சொசைட்டி உறுப்பினராக்கச் சிலர் முன்வந்தபோது, அதன் தலைவராக இருந்த டேவியே அதைத் தடுக்கப் பார்த்தார். தான் தூக்கிவிட்ட பிள்ளை தன்னைத் தாண்டுகிறது என்றால் பெரிய மனிதருக்கும் மனசு கோணிவிடும் போலிருக்கிறது. 1824-இல், ஒரே ஓர் எதிர் ஓட்டோடு, பாரடே உறுப்பினரானார். டேவி மேல் இருந்த மரியாதையை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை.

அவர் கண்டுபிடித்தவற்றை எல்லாம் எழுத இந்த மலர் முழுவதும் வேண்டும். 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் செய்த சோதனையை மட்டும் சொல்கிறேன். ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு பக்கம் தனித்தனியாகக் கம்பி சுற்றினார். ஒரு பக்கக் கம்பியில் மின்சாரத்தை விட்ட அந்தக் கணம், தொடர்பே இல்லாத மறுபக்கத்தில் இருந்த முள் அசைந்தது. மின்சாரத்தை நிறுத்தியபோது மறுபடி அசைந்தது. சில வாரங்களில், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தாலே மின்சாரம் பிறக்கிறது என்று காட்டிவிட்டார். அந்தக் காலத்தில் தோட்டத்து இஞ்சின் அறையில் ஜெனரேட்டர் ஓடியவரை லயத்தில் விளக்கு எரிந்ததும், அது நின்றதும் லயமே இருண்டு போனதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஜெனரேட்டருக்குப் பாட்டன் இந்தச் சோதனைதான்.

பால்மரம் வெட்டிய நம் மக்களுக்கு இன்னொரு செய்தி. நம் நாட்டுக்கு ரப்பர்க் கன்று வந்தது 1877-இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1826-இல், ரப்பர் எந்தெந்தப் பொருள் சேர்ந்து ஆனது என்று சோதித்துச் சொன்னவர் பாரடே. 1824-இல் சோதனைக்காக ரப்பரில் பலூன் செய்தவரும் அவரே. 1848-இல், மலாயாக் காட்டு மரத்திலிருந்து வந்த கெட்டா பெர்ச்சா என்ற பிசின் மின்சாரத்தை வெளியே கசிய விடாது என்று எழுதினார். பிறகு கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கெல்லாம் அந்தப் பிசினைத்தான் பூசினார்கள்.

இவ்வளவு செய்தவருக்கு உயர்ந்த கணக்கு வராது. கணக்குச் சூத்திரங்கள் வேண்டிய இடத்தில் அவர் படம் வரைவார். காந்தத்தின் மேல் தாளை வைத்து இரும்புத் தூளைத் தூவி, அது கோடு கோடாக நிற்பதைப் பார்த்தே காந்தத்தின் போக்கைப் புரிந்துகொண்டார். பிறகு வந்த மாக்ஸ்வெல் என்ற மேதைதான் அவற்றைக் கணக்காக மாற்றி எழுதினார். கணக்குப் பரீட்சைத் தாளை மட்டும் வைத்துப் பாரடேயை எடை போட்டிருந்தால் என்ன மார்க் வந்திருக்கும் என்று நான் சில நேரம் யோசிப்பதுண்டு.

அந்த நாக்கு விஷயத்துக்கு வருகிறேன். வேலையில் சேர்ந்த பிறகு பாரடே தம் சொந்தக் காசில் ஓர் ஆசிரியரிடம் பேச்சுப் பயிற்சி எடுத்துக்கொண்டார். பேசும்போது வேகம் கூடிவிட்டால் மெதுவாகப் போகும்படி நினைவுபடுத்த, ஓர் அட்டையைக் கண்ணெதிரே வைக்கச் சொல்வாராம். பிரம்பு இல்லாமலே வாய் திருந்தியது. லண்டனில் அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் அலை மோதியது.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் பிள்ளைகள் என்றால் உயிர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்காக ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825 முதல் சொற்பொழிவுகள் தொடங்கின. 1827-க்கும் 1860-க்கும் இடையில் 19 ஆண்டுகள் பாரடேயே அவற்றை நடத்தினார். எந்தப் பெரிய கருவியை வைத்துப் பாடம் நடத்தினார் என்று கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். மெழுகுவர்த்தி! ஒரு வத்தியை ஏற்றி வைத்து, அது எப்படி எரிகிறது என்பதை மட்டும் 6 சொற்பொழிவுகளில் சொன்னார். சுடரின் நடுவிலுள்ள கறுப்புப் பகுதியில் கண்ணாடிக் குழாயை வைத்து, அதன் வழியே வரும் ஆவியை மறுமுனையில் கொளுத்திக் காட்டுவார். வத்தியை ஊதி அணைத்துவிட்டு, எழும் புகையில் நெருப்பைக் காட்டுவார். சுடர் புகை வழியே இறங்கி வத்தியைப் பற்றிக்கொள்ளும். தம்பி தங்கைகளே, இதை அப்பாவையோ அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டில் செய்து பாருங்கள். அந்தச் சொற்பொழிவுகள் 1861-இல் நூலாக வந்து, பல மொழிகளில் பிள்ளைகள் படித்தார்கள்.

ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்று விட்டார். 1858-இல் விக்டோரியா மகாராணி ஹாம்ப்டன் கோர்ட்டில் குடியிருக்க வீடு கொடுத்தார். அங்கேதான் 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாரடேயின் உயிர் பிரிந்தது. அண்ணன் ராபர்ட் அதற்கு 21 வருஷம் முன்பே வண்டி விபத்தில் போய்விட்டான். கடைப் பையனாக இருந்தபோது டேவிக்காகத் தன் கையால் தைத்து அனுப்பிய அந்தப் புத்தகம், அவர் வேலை பார்த்த அதே ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.