பச்சைக்கு அடியில் ஒரு மாநிறம்: பிராங்கன்ஸ்டைன் பூதமாக வாழ்ந்த மனிதர்

கீழவைப்பார் மாதிரி ஒரு கடற்கரை ஊர்ல வளர்ந்திருந்தா ரெண்டு விஷயத்தை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒண்ணு, உப்பு. தூத்துக்குடியில இருந்து வேம்பார் வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில போனா, ஜன்னலுக்கு வெளிய வெள்ளை வெள்ளையா குவிச்சு வெச்சிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. ரெண்டாவது, சுரூபத்துக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. திருவிழா கொடியேத்தத்துக்கு முன்னாடி பழைய சுரூபத்தை இறக்கி, தூசி தட்டி, புதுசா வர்ணம் பூசுவாங்க. துணி மடிப்புக்கு நீலமா, சிவப்பாங்கிறதுல பெருசா குழப்பம் வராது. முகத்துக்கு என்ன நிறம் கொடுக்கிறதுங்கிற இடத்துலதான் தூரிகை நிக்கும்.

இந்த ரெண்டையும் மனசுல வெச்சுக்கோங்க. கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

இப்போ உங்க மேசை மேல ஒரு பெட்டி இருக்குன்னு வெச்சுக்குவோம். உள்ளே ரப்பர் மாதிரி வளையுற, உள்ளுக்குள்ள கூடான வினைல் துண்டுகள். தலை தனி, கை தனி, கனமான பூட்ஸ் தனி. ஒட்டிப் பெயின்ட் அடிச்சா ஒரு அடி உயரத்துல பிராங்கன்ஸ்டைனின் பூதம் நிக்கும். தட்டையான மண்டை, பாதி மூடிய கண், கழுத்துல ரெண்டு பக்கமும் ஆணி. 1961-ல அமெரிக்காவுல அரோரா கம்பெனி இதே உருவத்தைக் கெட்டி பிளாஸ்டிக்ல 98 சென்ட்டுக்கு வித்தது. ஓவியர் ஜேம்ஸ் பாமா வரைஞ்ச அட்டைப்பெட்டிக்காகவே வாங்கின பசங்க உண்டு. 1980-கள்ல ஜப்பானின் பில்லிக்கன் நிறுவனம் வினைலுக்கு மாத்துச்சு. முகச்சுருக்கம், கன்னக்குழி எல்லாம் அதுக்கப்புறம்தான் நிஜம் மாதிரி வந்தது.

அந்த முகம் யாரோ கற்பனையில செதுக்கினது கிடையாது. ஒரு மனுஷனோட முகம். பேர் போரிஸ் கார்லோஃப். அதுவும் அவர் வெச்சுக்கிட்ட பேர்தான்.

நிஜப் பேர் வில்லியம் ஹென்றி பிராட். 1887 நவம்பர் 23-ம் தேதி லண்டனில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைசி. அப்பா எட்வர்ட் ஜான் பிராட் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? பிரிட்டிஷ் இந்தியாவில் சுங்கம், உப்பு, அபின் துறையில் துணை ஆணையர். ஆமாங்க, உப்பு இலாகா. நம்ம ஊர்ல அளத்துல அள்ளின உப்புக்கு வரி போட்ட அதே சர்க்கார். பூதத்தோட அப்பா உப்பு ஆபீசர்னு முதல்ல படிச்சப்போ எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அம்மா வழி இன்னும் சுவாரசியம். அவருடைய அம்மாவின் அம்மா எலிசா, அன்னா லியோனோவென்ஸின் உடன்பிறந்த சகோதரி. சயாம் அரண்மனையில் மன்னரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆங்கிலேய ஆசிரியைன்னு சினிமாவும் நாடகமும் கொண்டாடினது இந்த அன்னாவைத்தான். தான் வேல்ஸில் பிறந்ததா அன்னா சொல்லிக்கிட்டு இருந்தார். ஆனா அவர் பிறந்தது நம்ம மகாராஷ்டிராவின் அகமதுநகரில். அந்தக் குடும்பத்தில் இந்திய ரத்தம் இருந்தது. அதை மறைச்சாத்தான் வெள்ளைக்காரச் சபையில் நாற்காலி கிடைக்கும்ங்கிற காலம். அப்பா வழியிலும் இந்திய வேர் உண்டுன்னு வாழ்க்கை வரலாறு எழுதினவங்க சொல்றாங்க.

ஆக, லண்டன் பள்ளிக்கூடத்தில் அந்தப் பையன் கொஞ்சம் மாநிறமா இருந்தான். கால் சற்று வளைவு, பேச்சில் திக்கல், ஸ-வை உச்சரிக்கும்போது நாக்கு சறுக்கும். பெற்றோரை இழந்த பிறகு அண்ணன், அக்காமார் கவனிப்பில் வளர்ந்தான். ஒன்பது வயசு வாக்கில் சிண்ட்ரெல்லா நாடகத்தில் அசுர ராஜாவா மேடையேறினான். அவ்வளவுதான், பைத்தியம் பிடிச்சுடுச்சு.

வீட்டில் போட்டு வெச்சிருந்த கணக்கு வேற. அண்ணன்கள் இந்தியாவிலும் சீனாவிலும் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தாங்க. அதில் ஜான் பிராட் பின்னாளில் சர் பட்டமே வாங்கினவர். தம்பியும் கிங்ஸ் காலேஜில் படிச்சுத் தூதரகப் பணிக்குப் போகணும். அவரோ 1909-ல படிப்பை விட்டுட்டுக் கனடாவுக்குக் கப்பல் ஏறிட்டார். பண்ணைக் கூலி, மண் வெட்டுற வேலை, பிறகு ஊர் ஊரா போற நாடகக் கம்பெனி. அங்கேதான் போரிஸ் கார்லோஃப் ஆனார். குடும்பப் பேருக்கு இழுக்கு வரக்கூடாதுன்னு மாத்தினதா ஒரு பேச்சு. கார்லோஃப் என்பது தாய்வழிக் குடும்பப் பேர்னு அவரே சொல்லி வந்தார். அதுக்கு ஆதாரம் ஒண்ணும் சிக்கலை.

ஹாலிவுட்டுக்குப் போன பிறகும் வறுமைதான். சினிமா இல்லாத நாளில் லாரி ஓட்டினார், மூட்டை ஏத்தி இறக்கினார். வேஷம் கிடைச்சாலும் எப்படிப்பட்டது? அந்த மாநிறத்துக்கு இந்தியர், அரேபியர், மெக்சிகோக்காரர், பெரும்பாலும் வில்லன். தான் யார்ங்கிறதைப் பத்தி அவர் வெளிய பேசினதில்லை. அந்தக் காலத்து ஹாலிவுட்டில் பேசியிருந்தா அந்தச் சின்ன வேஷமும் மிஞ்சியிருக்குமான்னு யோசிச்சுப் பாருங்க. கோழைத்தனம்னு சுலபமா சொல்லிட எனக்கு மனசு வரலை.

சுமார் 80 படம் இப்படியே ஓடிடுச்சு. வயசு 43.

1931. யுனிவர்சல் ஸ்டுடியோ, மேரி ஷெல்லி 1818-ல எழுதின பிராங்கன்ஸ்டைன் கதையைப் படமாக்க இறங்கியது. (பிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தை உண்டாக்கின விஞ்ஞானியோட பேர். பூதத்துக்குப் பேரே கிடையாது. 2025-ல நெட்ஃப்ளிக்ஸில் டெல் டோரோ படம் பார்த்தவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும்.) டிராகுலாவா நடிச்சு உச்சத்தில் இருந்த பெலா லுகோசிக்குத்தான் முதல்ல யோசிச்சாங்க. அது நடக்கலை. இயக்குநர் ஜேம்ஸ் வேல் ஸ்டுடியோ கேன்டீனில் கார்லோஃபின் ஒட்டின கன்னத்தையும் நெற்றியையும் பார்த்தார். தேடின மண்டை கிடைச்சுடுச்சு.

இனி வர்றது, கிட் கட்டுறவங்க ஊன்றிப் படிக்க வேண்டிய இடம். ஏன்னா நீங்க பிளேடும் தூரிகையும் வெச்சு செய்யப் போறதை, மேக்கப் கலைஞர் ஜாக் பியர்ஸ் ஒரு உயிருள்ள மனுஷன் மேல செஞ்சார். தட்டை மண்டை எதுக்கு? அறுவை மருத்துவன் ஒருத்தன் மூளையை மாத்தணும்னா சட்டி மூடியைத் திறக்கிற மாதிரி மண்டையைக் கிடைமட்டமா அறுத்துத் திறப்பான்னு அவர் கணக்குப் போட்டார். பஞ்சு, கொலோடியான்னு ஒரு பசை, அடுக்கு மேல அடுக்கு. போட மூணு நாலு மணி நேரம், பிய்ச்சு எடுக்க இன்னொரு ஒண்ணரை மணி நேரம். தினமும். கண்ணு ரொம்ப உயிரோட இருக்குன்னு இமையில மெழுகு வைக்கச் சொன்னது கார்லோஃப்தான். ஒரு பக்கத்துக் கட்டுப்பல்லைக் கழட்டிட்டு அந்தக் கன்னத்தை உள்ளே வாங்கிக்கிட்டார். உங்க வினைல் தலையைத் திருப்பிப் பாருங்க, ஒரு கன்னத்தில் மட்டும் குழி ஆழமா இருக்கும். உப்புத்தாள் போடும்போது அதைத் தேய்ச்சுடாதீங்க. அது அவரோட இல்லாத பல்.

அப்புறம் நிறம். முகத்துக்குப் பூசினது நிஜமாவே பச்சை கலந்த சாம்பல் நிறச் சாயம். பூதம் பச்சைங்கிறதால இல்லை. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அந்தப் பச்சை, ரத்தம் வத்தின பிணத்தோட வெளுப்பா விழும். திரையில் அந்தப் பச்சையை யாரும் பார்த்ததே இல்லை. விளம்பரப் போஸ்டர்காரர்கள் முகத்தைப் பச்சையா அடிச்சாங்க, அதில் இருந்து பொம்மை, முகமூடி, காமிக்ஸ்னு உலகம் முழுக்கப் பச்சை ஆயிடுச்சு. நாற்பது வருஷமா தன் நிறத்தைப் பத்தி வாய் திறக்காத ஒருத்தர், கடைசியில் தன்னோடது அல்லாத ஒரு நிறத்தால உலகப் புகழ் அடைஞ்சார்.

படப்பிடிப்பு கோடையில். உள்ளே திணிச்ச பஞ்சு உடுப்பு, ஒவ்வொண்ணும் அஞ்சாறு கிலோ எடையுள்ள பூட்ஸ், மொத்தம் 20 கிலோவுக்கு மேல சுமை. வேர்வையில் மேக்கப் கரைஞ்சு கண்ணுக்குள்ள இறங்கும். கதாநாயகனைத் தோளில் தூக்கிக்கிட்டு மேட்டில் ஏறுற காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தாங்க. அதுக்கப்புறம் முதுகுவலி அவரை விட்டுப் போகவே இல்லை, அறுவை சிகிச்சை வரைக்கும் போச்சு. ஒரு தடவை தொடர்ந்து 25 மணி நேரம் வேலை வாங்கினாங்க.

ஏரிக்கரைக் காட்சியில் நடிச்ச குட்டிப் பொண்ணு மேரிலின் ஹாரிஸ் மட்டும் அந்த வேஷத்தைப் பார்த்துப் பயப்படலை. அவரோட காரில்தான் வருவேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. பூ மிதக்கிற மாதிரி குழந்தையும் மிதக்கும்னு நம்பி, பூதம் அவளைத் தண்ணியில எறியுற காட்சி அது. எறிய வேண்டாம்னு கார்லோஃப் வாதாடினார், எடுபடலை. பல ஊர்களில் அந்தப் பகுதியை வெட்டித்தான் காட்டினாங்க. வெட்டினதால, பார்த்தவங்க அதைவிட மோசமா கற்பனை பண்ணிக்கிட்டதுதான் மிச்சம். 1980-களில் மறுபடி சேர்த்தாங்க.

படம் வெளியானப்போ தொடக்க டைட்டிலில் பூதமா நடிச்சவர் பேருக்கு எதிரே ஒரு கேள்விக்குறிதான். விளம்பர உத்தி. ஆனா அவர் கதை தெரிஞ்ச பிறகு அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தா வேற மாதிரி தெரியும்.

ஒரே வருஷத்தில் நட்சத்திரம். 1932-ல தி மம்மி, 1935-ல பிரைட் ஆஃப் பிராங்கன்ஸ்டைன், 1939-ல சன் ஆஃப் பிராங்கன்ஸ்டைன். 1933-ல ஒரு படத்துக்காக லண்டன் போனார். அண்ணன்களைப் பார்க்கப் பயம். குடும்ப மானத்தைக் கப்பலேத்தினவன்னு முகத்தைத் திருப்பிக்குவாங்கன்னு நினைச்சார். விளம்பரத்துக்குப் படம் எடுக்கணும்னு கேட்டதும் அந்தப் பெரிய உத்தியோகஸ்தர்கள் யார் எங்கே நிக்கிறதுன்னு போட்டி போட்டாங்களாம். அவர் வாழ்க்கையில எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி இதுதான்.

அந்த 25 மணி நேரத்தை அவர் மறக்கலை. அதே 1933-ல திரை நடிகர்கள் சங்கத்தைத் தொடங்கினவர்களில் ஒருத்தரானார். சங்கம்னு வாயெடுத்தா ஸ்டுடியோக்கள் கதவைச் சாத்தின காலம். இப்பதான் கைக்கு வந்த வாழ்க்கையைப் பணயம் வெச்சுத்தான் போனார். ஹாலிவுட் கிரிக்கெட் கிளப்பில் ஞாயித்துக்கிழமை ஆட்டம், தோட்டம், ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குக் கதை வாசிப்புன்னு வெளியே ரொம்ப சாதுவான மனுஷன். 1938-ல மகள் சாரா பிறந்ததும் அவர் பிறந்த அதே நவம்பர் 23-ல.

1961-ல அரோரா கிட் கடைக்கு வந்தப்போ அவருக்கு 73 வயசு. தன் முகம் ஒரு டாலருக்கும் குறைவா, துண்டு துண்டா விற்பனைக்கு வந்ததை உயிரோட பார்த்தவர். கடைசி வருஷங்களில் நுரையீரல் பாதி போய், காலில் இரும்புப் பட்டையோட, ஷாட் இல்லாத நேரம் சக்கர நாற்காலியில் இருந்தே நடிச்சார். 1969 பிப்ரவரி 2-ம் தேதி இங்கிலாந்தில் இறந்தார். 1997-ல அமெரிக்கத் தபால்துறை பேய்ப்பட நாயகர்களுக்குத் தபால்தலை போட்டது. அஞ்சில் ரெண்டு அவர் முகம். ஒண்ணு பூதம், ஒண்ணு மம்மி. வேஷம் இல்லாத முகம் இல்லை.

சரி, கிட்டுக்கு வருவோம்.

துண்டுகளை முதல்ல சோப்புத் தண்ணியில கழுவுங்க, அச்சில் ஒட்டாம இருக்கப் போட்ட எண்ணெய் போகணும். இல்லைன்னா பெயின்ட் உரிஞ்சு வரும். கைப்பொறுக்கிற சுடுதண்ணியில ஒரு நிமிஷம் முக்கினா வினைல் இளகும், பிசிறைப் பிளேடால வெண்ணெய் மாதிரி வெட்டலாம். பூட்ஸ், காலுக்குள்ள பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊத்துங்க. நம்ம வெயிலுக்கு வெறும் வினைல் கால் தொய்ஞ்சு பூதம் சாஞ்சுடும். ஒட்டுறதுக்கு சூப்பர் க்ளூ, இடைவெளிக்கு எம்-சீல் போதும். எனாமல் பெயின்ட் மட்டும் வேண்டாம், வினைல் மேல அது மாசக்கணக்கில் பிசுபிசுன்னே கிடக்கும். அக்ரிலிக்தான் சரி. கடற்கரை ஊரா இருந்தா பிரைமர் ஸ்பிரேவை விடியக்காலையில அடிக்காதீங்க, ஈரக் கொண்டல் காத்துல வெள்ளையா பூத்துடும். உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முன்னாடி அடிக்கலாம். கச்சான் வீசுற நாள்ல ஜன்னலைச் சாத்திக்கோங்க, தூசி முழுக்க மூஞ்சியில ஒட்டிக்கும்.

முகத்துக்கு என்ன நிறம்? படத்துல தெரிஞ்ச மாதிரி வெறும் சாம்பல்லயே முடிக்கிறவங்க உண்டு. போஸ்டர் பச்சைதான் அழகுன்னு அடம்பிடிக்கிறவங்களும் உண்டு. பச்சைதான் அடிக்கப் போறீங்கன்னா, அடியில முதல் பூச்சா மாநிறம் ஒண்ணு கொடுங்க. காஞ்ச பிறகு பச்சையைத் தண்ணியா கரைச்சு மேல மேல ஓட்டுங்க. இமை மடிப்புலயும் அந்தப் பல் இல்லாத கன்னக்குழியிலயும் பச்சை முழுசா மூடாது, அடியில இருக்கிறது லேசா எட்டிப் பார்க்கும். அந்த இடத்தைத் திருத்தாம அப்படியே விட்டுட்டு, ராத்திரி முழுக்கக் காய விடுங்க. கழுத்து ஆணிக்கு வெள்ளி வர்ணம் மறுநாள் வெச்சுக்கலாம்.