லூயி பாஸ்டர்

காலையில் இனிக்கிற கள்ளு சாயங்காலம் புளிக்கும். நம்ம லாஸ்பேட்டைப் பக்கம் பெரிசுகளைக் கேட்டாலே சொல்வார்கள். ஏன் புளிக்கிறது? ஒயினில் இதை ஆராய்ந்தவர் லூயி பாஸ்டர். 1822-ல் பிரான்சில், தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்தவர்.

ஒயின் கெட்டு வியாபாரம் அடிவாங்கவே, 1863-ல் மன்னர் மூன்றாம் நெப்போலியன் இவரை அழைத்தார். பீப்பாய் மரத்தில் கொஞ்சங்கொஞ்சமாய்க் கசியும் காற்று ஒயினைப் பக்குவப்படுத்தும்; திறந்தே வைத்தால் அதே காற்றை வைத்து நுண்ணுயிர்கள் மேலே ஆடையாய்ப் படர்ந்து, ஆல்கஹாலை வினிகராக்கிவிடும் என்று கண்டார். 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி அடைக்கச் சொன்னார். ருசி போய்விடுமென்று முணுமுணுத்தார்கள். குடித்துப் பார்த்தவர்களுக்கோ வித்தியாசமே தெரியலை!

1868-ல் பக்கவாதம், இடது பக்கம் விழுந்துவிட்டது. வயசு 45தான். மனுஷன் ஓயவில்லையே! வெறிநாய்க்கடித் தடுப்பூசியை 1885-ல் போட்டது அதற்கப்புறம்தான். 1895-ல் மறைந்தார்.